முதல் பாரில் மூன்று எண்கள்

சென்ற மாதம் ஒரு பழைய பாடலை மறுபடி திறக்க வேண்டி வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்துக் கொடுத்த வேலை. இடையிசையை நான்கு பார் நீட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். டிஜிட்டல் பியானோ அதேதான். கணினியும் மென்பொருளும்தான் மாறியிருந்தன. எடுத்து வைத்திருந்த மிடி கோப்பைப் புதிய மென்பொருளில் இறக்கி, பியானோவுக்கு அனுப்பி ஓடவிட்டோம். சுரம் பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. ஆனால் புதிய நான்கு பாருக்கு வாசிக்க வந்திருந்த வயலின் கலைஞர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "இது அந்தப் பியானோ இல்லையே சார், கொஞ்சம் வெளுத்துக் கேக்குதே" என்றார்.

அரை மணி நேரம் கேபிளைச் சந்தேகித்தோம், ஈக்யூவைச் சந்தேகித்தோம், எங்கள் காதையே சந்தேகித்தோம். கடைசியில் பழைய செஷன் தாளை எடுத்துப் பார்த்தால், உதவியாளர் ஒழுங்காகவே குறித்து வைத்திருக்கிறார்: பியானோ, 121–0–1. அந்த எண்களைத்தான் நாங்களும் புதிய மென்பொருளில் கொடுத்திருந்தோம். எண் சரி, ஒலி தப்பு. காரணம் புரிந்தபோது சிரிப்பு வந்தது. பழைய மென்பொருள் ஒலிகளை ஒன்றிலிருந்து எண்ணும். புதியது பூஜ்யத்திலிருந்து எண்ணும். நாங்கள் கொடுத்த 1, பியானோவைப் பொறுத்தவரை இரண்டாவது ஒலி. ஜெனரல் மிடி வரிசையில் முதலாவது கிராண்ட் பியானோ, இரண்டாவது பிரைட் பியானோ. வயலின்காரர் சொன்ன 'வெளுப்பு' அதுதான்.

இந்தப் பிசகு வயலின் ஒலிக்கு நேர்ந்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கலாம். அதே வரிசையில் 49 ஸ்டிரிங்ஸ், 48 டிம்பனி. எண் ஒன்று கீழே இறங்கினால் வயலின் கூட்டம் வாசிக்க வேண்டிய இடத்தில் முரசு உருளும். யாராக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். ஒன்று மேலே ஏறினால் 50, அதுவும் ஸ்டிரிங்ஸ்தான், வேறு வகை. அதை யாரும் கவனிக்காமல் மிக்ஸ் வரை போய்விடும். நம் தொழிலில் ஆபத்தான பிழை இந்த இரண்டாவது வகைதான்.

டிஜிட்டல் பியானோவைக் கணினியோடு இணைப்பது பற்றி நமக்கு வரும் கேள்விகளில் பாதி, "மென்பொருளில் என் பியானோவின் ஒலிப் பெயர்கள் ஏன் வரவில்லை?" என்பதாகவே இருக்கிறது. கேள்வி நியாயமானது. பதில் மிடியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புராஃபெட் 600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர் 6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றொன்று பேசியது. போட்டி நிறுவனங்கள் இரண்டு ஒரே மொழிக்கு ஒப்புக்கொண்டது பெரிய காரியம். இதற்காக சீக்வென்ஷியலின் டேவ் ஸ்மித்துக்கும் ரோலண்டின் இக்குதாரோ காக்கெஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. ஆனால் அந்த மொழியில் பெயர்ச்சொல் கிடையாது, எண்கள் மட்டுமே. 'இந்தச் சானலில் இத்தனையாவது ஒலியை எடு' என்று சொல்லலாம். 'கச்சேரி கிராண்டை எடு' என்று சொல்ல முடியாது. மென்பொருளின் பட்டியலில் ஒரு பெயர் தெரிகிறது என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்த எண்ணுக்கு எதிரே அந்தப் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார் என்று அர்த்தம். யாரும் செய்யவில்லை என்றால் வெறும் எண்தான் தெரியும், அல்லது உங்கள் பியானோவுக்குப் பொருந்தாத ஜெனரல் மிடி பெயர்கள் தெரியும்.

ஒரு புரோகிராம் சேஞ்ச் செய்தியால் 128 ஒலிகளைத்தான் சுட்ட முடியும். கருவிகளில் ஒலிகள் பெருகியபோது அது போதவில்லை. பேங்க் என்னும் அடுக்கு வந்தது. கன்ட்ரோலர் 0 பேங்கின் மேல் எண்ணைச் சொல்லும், அதை எம்.எஸ்.பி. என்கிறோம். கன்ட்ரோலர் 32 கீழ் எண்ணைச் சொல்லும், அது எல்.எஸ்.பி. இரண்டும் போன பிறகு புரோகிராம் எண் போக வேண்டும். தெரு, வீடு, கதவு எண் போல இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முகவரி முழுமை. இதில் பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு: பேங்க் எண்கள் மட்டும் போனால் ஒலி மாறாது. பியானோ அவற்றை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். புரோகிராம் எண் வந்து தட்டிய பிறகே மாறும். வரிசை தலைகீழானால், அதாவது புரோகிராம் முதலில் போய் பேங்க் பின்னால் வந்தால், பழைய பேங்கிலிருந்து ஏதோ ஒரு ஒலி வந்து நிற்கும்.

இந்தப் பேங்க் எண்களை ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தினார்கள் என்பது அடுத்த சிக்கல். 1991இல் ஜெனரல் மிடி வந்தது: 128 ஒலிகளுக்குப் பொதுவான வரிசை, குறைந்தது 24 குரல், பத்தாவது சானல் டிரம்ஸுக்கு. அதே காலத்தில் ரோலண்டின் ஜி.எஸ். வந்தது, ஒரு ஒலியின் மாற்று வடிவங்களை எம்.எஸ்.பி.யில் வைத்தது. 1994இல் யமஹாவின் எக்ஸ்.ஜி. வந்தது, அதே மாற்று வடிவங்களை எல்.எஸ்.பி.யில் வைத்தது. ஜெனரல் மிடியின் அடுத்த பதிப்பான ஜி.எம். 2 இவற்றோடு சேராமல் இசை ஒலிகளுக்கு எம்.எஸ்.பி. 121, டிரம்ஸுக்கு 120 என்று தனி வழி போட்டது. ஆகவே ஒரு நிறுவனத்தின் பியானோவுக்காகத் தயாரித்த பாடலை இன்னொரு நிறுவனத்தின் பியானோவில் ஓடவிட்டால் அடிப்படை ஒலி மட்டும் வருவதும், சில நேரம் அதுவும் வராததும் வியப்பல்ல. மானுவலின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் இருக்கும் மிடி அட்டவணையைப் பார்க்காமல் இந்த வேலை நடக்காது. வாங்கிய அன்றே நாம் அட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவதும் அந்தப் பக்கங்களைத்தான்.

இதெல்லாம் எதற்கு, மென்பொருளுக்குள்ளேயே நல்ல பியானோ ஒலிகள் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, நாமும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒரு டிஜிட்டல் பியானோவின் சொந்த ஒலி, அதன் கட்டைகளின் எடைக்கும் பெடலின் இறக்கத்துக்கும் ஏற்பச் செதுக்கப்பட்டது. அரைப் பெடல் வாசிப்பவருக்கு இது புரியும்: அரைப் பெடலை உணரும் பியானோவில் 64ஆம் கன்ட்ரோலர் 0 முதல் 127 வரை படிப்படியாக நகரும், சில மென்பொருள் கருவிகள் அதை மதிப்பு 64 முதல் 'ஆன்', அதற்குக் கீழே 'ஆஃப்' என்று மட்டுமே எடுத்துக்கொள்ளும். மேலும், மென்பொருள் ஒலிகளும் நிரந்தரம் அல்ல. உரிமம் காலாவதியாகும், இயங்குதளம் மாறும், பிளக்இன் திறக்காது. பத்து ஆண்டு பழைய பியானோ சுவிட்சைப் போட்டால் எழுந்துவிடுகிறது. பத்து ஆண்டு பழைய பிளக்இன் எழுமா என்பது அதிர்ஷ்டம்.

ஆகவே இந்த இதழின் வேண்டுகோள் ஒன்றே: பியானோவின் முகப்புப் பொத்தானை அழுத்தி ஒலியைத் தேர்ந்தெடுத்து அப்படியே விட்டுவிடும் பழக்கத்தை விட்டுவிடுவோம். தாளில் குறிப்பதும் போதாது. எங்கள் தாளில் குறிப்பு இருந்தும் ஏமாந்தோம். மூன்று எண்களையும் பாடலுக்குள்ளேயே, அந்தந்த டிராக்கின் முதல் பாரில் பதிய வேண்டும். பாடலுக்குள் பதிந்த எண்ணுக்கு ஒன்றா பூஜ்யமா என்ற குழப்பமே இல்லை. கேபிள் வழியே போவது எப்போதும் 0 முதல் 127 வரையிலான அதே எண்தான். திரையில் அதை எப்படிக் காட்டுவது என்பதில்தான் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு. எங்கள் மிடி கோப்பில் அந்த எட்டு பைட்டு மட்டும் இருந்திருந்தால் அரை மணி நேரமும் மிச்சம், மானமும் மிச்சம்.

எட்டு பைட்டு என்றது கணக்குப் போட்டுத்தான். பேங்க் செய்திகள் இரண்டும் மூன்று மூன்று பைட்டு, புரோகிராம் இரண்டு. பழைய ஐந்து முள் மிடி கேபிளில் நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு பைட்டுக்கு 10 பிட். ஆக எட்டு பைட்டு போக 2.56 மில்லி நொடி. பதினாறு சானலுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் சுமார் 41 மில்லி நொடி. அதற்கு மேல், புதிய ஒலியை எடுத்துத் தயாராக பியானோவுக்கும் சற்று நேரம் வேண்டும். முதல் சுரத்தின் தலையிலேயே இவற்றை வைத்தால் அந்தச் சுரம் பழைய ஒலியில் வந்துவிடும், அல்லது விழுங்கப்படும். முதல் பாரைச் சுரம் இல்லாமல் காலியாக விடுங்கள். மூன்று செய்திகளையும் ஒரே புள்ளியில் அடுக்காமல் சில டிக் இடைவெளியில் வரிசையாக வையுங்கள். இரண்டாம் பாரில் பாட்டு தொடங்கட்டும்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். மென்பொருள்கள் இதற்கு வழி வைத்திருக்கின்றன. கேக்வாக்கின் இன்ஸ்ட்ருமென்ட் டெஃபினிஷன் கோப்பு, ரீப்பரின் பேங்க் கோப்பு, கியூபேஸின் பேட்ச் ஸ்கிரிப்ட் எல்லாம் வெறும் உரைக் கோப்புகள், நோட்பேடில் எழுதிவிடலாம். முதல் முறை எழுதும்போது கைகொடுக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. சில கோப்புகள் எம்.எஸ்.பி., எல்.எஸ்.பி. இரண்டையும் ஒரே எண்ணாகக் கேட்கும். எம்.எஸ்.பி.யை 128ஆல் பெருக்கி எல்.எஸ்.பி.யைக் கூட்டுங்கள். எங்கள் பியானோவின் 121–0 என்பது 15,488ஆவது பேங்க். அதன் கீழே 0 என்று எழுதி எதிரே கிராண்ட் பியானோ, 1 என்று எழுதி எதிரே பிரைட் பியானோ. இங்கே எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. மானுவல் ஒன்றில் தொடங்கினால் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து எழுத வேண்டும். முந்நூறு ஒலி உள்ள பியானோவுக்கு ஒரு பிற்பகல் வேலை. ஒரு முறை செய்தால் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும்.

இணைக்கும்போது நேரும் வேறு சில தடுமாற்றங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். கட்டையைத் தட்டினால் ஒலி இரட்டையாக, குழாய்க்குள்ளிருந்து வருவது போல் கேட்டால், பியானோ தானாகவும் ஒலிக்கிறது, கணினி திருப்பி அனுப்பும் சுரத்துக்கும் ஒலிக்கிறது என்று பொருள். லோக்கல் கன்ட்ரோலை ஆஃப் செய்யுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் மறுநாள் வாசிக்க உட்காருபவர் "பியானோ செத்துப்போச்சு" என்று உங்களுக்குத்தான் போன் செய்வார். பியானோ மௌனமாக இருக்க, கணினி ஸ்பீக்கரிலிருந்து மெலிந்த ஒரு பியானோ கேட்டால், மிடி அவுட்புட் விண்டோஸின் உள்ளமைந்த ஜி.எஸ். சிந்தசைசருக்குப் போய்க்கொண்டிருக்கிறது, உங்கள் பியானோவின் போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பியானோவை வேறு யு.எஸ்.பி. துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவியாக எண்ணிப் பெயருக்கு முன் ஓர் எண்ணைச் சேர்த்துவிடக்கூடும்; ஆகவே துளைக்கு ஓர் அடையாளம் ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று, இதைப் புதியவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். பல பியானோக்களில் யு.எஸ்.பி. கேபிளில் போவது வாசிப்பின் குறிப்பு மட்டுமே, ஒலி அல்ல. மிக்ஸ் செய்து பவுன்ஸ் போட்டால் பியானோ டிராக் மௌனமாக வருவது இதனால்தான். பியானோவின் லைன் அவுட்டிலிருந்து ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியே தனி டிராக்காகப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஒலியின் முகவரி எத்தனை பத்திரமாக இருந்தாலும், அந்த வீடு ஒரு நாள் இடிந்து போகலாம். பதிவு செய்த ஆடியோ கையில் இருக்க வேண்டும். முகவரி திருத்துவதற்கு, ஆடியோ காப்பதற்கு.

2020இல் வந்த மிடி 2.0 இந்தத் தலைவலிகளில் சிலவற்றுக்கு மருந்து வைத்திருக்கிறது. அதில் பேங்கும் புரோகிராமும் ஒரே செய்தியாகப் போகின்றன. கருவி தன் ஒலிப் பட்டியலைத் தானே மென்பொருளுக்குச் சொல்லவும் வழி உண்டு. நல்ல செய்திதான். ஆனால் நம்மில் பலரின் அறையில் இருப்பவை மிடி 1.0 பியானோக்கள், இன்னும் பல ஆண்டுகள் அவை உழைக்கும். அவற்றுக்கு நாம்தான் பெயர் சொல்ல வேண்டும்.

அடுத்த இதழ் முதல், வாசகர்கள் சரிபார்த்து அனுப்பும் ஒலிப் பட்டியல்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். மாடல் பெயர், மூன்று எண்கள், எண்ணிக்கை ஒன்றில் தொடங்குகிறதா பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்ற குறிப்பு, இவ்வளவும் இருந்தால் போதும். கடைசிக் குறிப்பு இல்லாத பட்டியலைத் திருப்பி அனுப்புவோம். அது இல்லாமல் நாங்கள் பட்டது போதும்.

– ஆசிரியர்