மைக்க ஆஃப் பண்ணிட்டு ஒரு பத்து நிமிஷம்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க. இது நிர்வாகத்தோட கருத்து இல்ல. மைக் செட் பாத்துக்கிற ஒரு தொண்டனோட சொந்தக் கருத்து.

விஷயம் இதுதான். நம்ம கோயிலுக்கு ஆட்டோமேட்டிக் மேள மெஷின் ஒண்ணு உபயமா தர்றோம்னு ஒரு குடும்பம் முன்வந்திருக்காங்க. சுவிட்ச் போட்டா முரசு, மணி, ஜால்ரா மூணையும் மோட்டாரே அடிச்சிடும். வேலை நாள்ல காலைப் பூசைக்கு மணி அடிக்க ஆள் இல்லைன்னு புலம்பினதே நாமதான். அதனால அவங்க மேல ஒரு குறையும் இல்ல. முதல் கூட்டத்துல நானும் சரின்னுதான் கை தூக்கினேன். இப்ப வேணாம்னு சொல்றேன். மனச மாத்தினது என் அக்கா மகன்.

அவன் கேக்கிற மியூசிக் ஒரு தினுசு. ஒரு நாள் கார்ல போட்டான். ஆம்ப்ளிஃபயர் வயர் கழண்டா ஒரு இரைச்சல் வருமே, அதே தான், நிக்காம வருது. ஸ்பீக்கர் போச்சுடான்னு கையை நீட்டினேன். "மாமா, கெட்டுப் போகல. இதான் பாட்டே"ன்னான். தோக்கியோவுல மாசாமி அகிதான்னு ஒருத்தர், 1979லேர்ந்து 'மெர்ஸ்பௌ'ங்கிற பேர்ல இதைப் பண்றாராம். ராகம் இல்ல, தாளம் இல்ல, இரைச்சலை மட்டும் அடுக்கி அடுக்கி வைக்கிறது. அஞ்சு நிமிஷம் தாங்கினேன். இன்னிக்கும் எனக்கு அது பிடிக்கல, பொய் சொல்ல வேணாம்.

ஆனா அவன் அடுத்து போட்டது வேற. இயற்கைச் சத்தம், தெருச் சத்தம், அப்படியே பதிவு பண்ணினது. 1948ல பியேர் ஷெஃபேர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பாரிஸ் ஸ்டேஷன்ல ரயில் சத்தத்தைப் பதிவு பண்ணி, அதை வச்சே ஒரு இசை செஞ்சிருக்கார். ஆனியா லாக்வுட்னு ஒரு அம்மா 1982ல அமெரிக்காவுல ஹட்சன் ஆத்தோட சத்தத்தை மலையிலேர்ந்து கடல் வரைக்கும் இடம் இடமா பதிவு பண்ணியிருக்காங்க. தண்ணி சத்தம் தானேன்னு நினைச்சேன். கண்ண மூடிக் கேட்டா ஒவ்வொரு இடத்துலயும் தண்ணி வேற குரல்ல பேசுது. 1952ல ஜான் கேஜ் ஒரு உருப்படி எழுதினார். பியானோக்காரர் நாலு நிமிஷம் முப்பத்து மூணு செகண்ட் ஒண்ணுமே வாசிக்காம உக்காந்திருப்பார். சபையில கேக்கிற சத்தம்தான் அன்னைக்குக் கச்சேரி. இதுக்கெல்லாம் டிக்கெட்டான்னு சிரிச்சேன்.

சிரிப்பு நின்னது நம்ம கோயில்ல. ஒரு வெள்ளிக்கிழமை விடியக்காலையில குருக்கள்கிட்ட அனுமதி வாங்கி, பையன் ரெக்கார்டரை வசந்த மண்டபத்துத் தூண் பக்கம் வச்சான். "மாமா, இன்னிக்கு பென் டிரைவ் போடாதீங்க"ன்னான். நான் கோயிலுக்குள்ள நுழைஞ்சதும் முதல்ல போடுறது அதைத்தான், பல வருஷப் பழக்கம். அன்னிக்குப் போடல. அப்புறம் வீட்டுல ஹெட்ஃபோன்ல கேட்டேன்.

கதவுத் தாழ்ப்பாள் இழுக்கிறது. ஈரத் தரையில வெறுங்கால். மடப்பள்ளியில கிரைண்டர். தூரத்துல சுபோ பாங்கு, அது முடியறதுக்குள்ள கொமுட்டர் ரயிலோட ஹார்ன். நம்ம கிள்ளான் காக்காய்ங்க. திரைக்குப் பின்னால அபிஷேகத் தண்ணி கல்லுல விழுந்து, அப்புறம் கோமுகி வழியா வெளிய வர்ற சத்தம். ரெண்டும் ரெண்டு சத்தம்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

அப்புறம் மணி. நம்ம பழைய மணி அடிச்சதும் 'டாங்' மட்டும் இல்லைங்க. அது அடங்கும்போது 'ஊங்... ஊங்...'னு அலை மாதிரி ஏறி இறங்குது. எந்த வார்ப்பு மணியும் துல்லியமான வட்டமா அமையாது, அதனால ரொம்பப் பக்கத்துல இருக்கிற ரெண்டு சுருதி ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு பையன் விளக்கினான். இந்தக் கோயில்ல இத்தனை வருஷமா மைக் செட் பாக்கிறேன், அந்த 'ஊங்'கை நான் கேட்டதே இல்ல. ஏன்னா அதுக்கு மேல எப்பவும் என் ஸ்பீக்கர்.

மெஷின் வேணாம்னு சொல்ற காரணமும் அந்தப் பதிவுலயே இருக்கு. அன்னிக்கு மணி அடிச்சது நம்ம பழைய தோட்டத்துப் பாட்டி. குருக்கள் கையைப் பாத்துக்கிட்டே அடிக்கிறாங்க. தீபம் மேல ஏற ஏற அடி நெருங்குது, கற்பூரம் இறங்கும்போது மெதுவாகுது. நடுவுல கை மாத்துறாங்க, ஒரு அடி தவறுது. மெஷினுக்குத் திரை திறந்ததும் தெரியாது, மூடினதும் தெரியாது.

"அதுவும் இரைச்சல், இதுவும் இரைச்சல், என்ன வித்தியாசம்?"னு கூட்டத்துல ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. நமக்கு இரைச்சல் புதுசு இல்லதான். தாலி கட்டும்போது கெட்டி மேளம் எதுக்கு? அந்த நேரத்துல அபசகுனமா ஒரு வார்த்தையும் காதுல விழக்கூடாதுன்னுதான் பெரியவங்க சொல்வாங்க. உறுமியை வளைஞ்ச குச்சியால தேய்க்கும்போது வர்ற முனகலைக் கேட்டா அந்தத் தோக்கியோக்காரரே அசந்துடுவார். ஆனா கெட்டி மேளத்துக்கு நாதஸ்வரக்காரர் மணமேடையைப் பாத்துக்கிட்டு இருக்கணும், யாரோ ஒருத்தர் விரலை ஆட்டணும். எந்த நேரத்துக்கு எவ்வளவு சத்தம்னு ஒரு ஆள் முடிவு பண்றார். வித்தியாசம் அதான் அண்ணே.

இன்னொண்ணு, இது எனக்கே உறுத்துறது. ஊருக்குத் திரும்பிப் போயிட்டாரே நம்ம தவில்காரர், அவர் வாசிச்சது நம்மகிட்ட என்ன இருக்கு? தேடிப் பாத்தேன். என் போன்ல பதினோரு செகண்ட் வீடியோ. அதுலயும் பாதி, "அன்னதானம் ரெடி, வரிசையில வாங்க"ன்னு நான் மைக்ல கத்துறது.

அதனால ரெண்டு கோரிக்கை. மெஷினுக்குப் பதிலா அந்த உபயத்தை மணிக் கயிறு, சங்கிலி சரி பண்ணவும், பிள்ளைங்களுக்கு மணி அடிக்கப் பழக்கவும் திருப்பலாமான்னு அந்தக் குடும்பத்துக்கிட்ட நான் நேர்லயே கேக்கிறேன். மணி அடிக்கிற வேலை நாள் பட்டியல்ல செவ்வாய், வியாழன் என் பேரை எழுதிக்குங்க.

அடுத்து, திருப்பணிக்குப் பாலாலயம் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கோயிலோட சத்தத்தைப் பதிவு பண்ணி வைப்போம். கூரை மாறினா எதிரொலியும் மாறிடும். போன் போதும், ஆனா கையில பிடிக்காதீங்க, எங்கயாவது வச்சிடுங்க. தவில் பக்கத்துல வேணாம், மைக் தாங்காம சத்தம் உடைஞ்சிடும், பத்தடி தள்ளி வைங்க. போன் பேச்சுக்குரலைத்தான் பிடிக்கப் பாக்கும், மத்ததை அமுக்கும். அதனால இரைச்சல் குறைப்பு வசதி இருந்தா ஆஃப் பண்ணுங்க. ஆரம்பத்துல தேதியும் நேரமும் சொல்லிட்டு, குறைஞ்சது அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. யாராவது அம்மன் முன்னாடி அழுது வேண்டிக்கிட்டு இருந்தா மட்டும் உடனே நிறுத்திடுங்க.

வெளிப் பந்தல்ல உக்கார்ற வயசானவங்களுக்கு ஸ்பீக்கர் இல்லாம பூசை கேக்காதேன்னு சிலர் சொல்றாங்க. சரிதான். திருவிழாவுக்கும் வெள்ளி சாயந்திரத்துக்கும் அது இருக்கும். நான் கேக்கிறது காலையில பத்து நிமிஷம்.

இந்த வெள்ளி காலை 5.30க்கு நான் இருப்பேன், பென் டிரைவ் வீட்டுல இருக்கும். பாட்டி வர்றாங்களாம். அவங்க மணி அடிக்கறதைக் கேக்கணும்னா தீபாராதனைக்கு முன்னாடியே வந்துடுங்க.