சுளுக்குத்தான் என்று யார் சொன்னது?

கபடி ஆடும்போதோ, சைக்கிளிலிருந்தோ, மழையில் வழுக்கும் படிக்கட்டிலோ கீழே விழுகிறவர் என்ன செய்கிறார்? தம்மை அறியாமலே உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றுகிறார். முகம் தப்பிவிடுகிறது. விழுந்த வேகத்தை மணிக்கட்டு வாங்கிக்கொள்கிறது. சற்று நேரத்தில் லேசான வீக்கம். கட்டைவிரலை அசைத்தால் வலி. சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்பளித்து விடுகிறார்கள்: “ஒன்றுமில்லை, சுளுக்குத்தான்!”

இந்தத் தீர்ப்பை எதிர்த்துத்தான் இங்கே வாதாட வந்திருக்கிறேன். எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்கள் அளவுக்கு மீறி இழுபடுவதே சுளுக்கு. அப்படி ஒரு கோளாறு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால், எலும்பு முறியவில்லை என்று உறுதியான பிறகு கடைசியாகச் சொல்ல வேண்டிய சொல் அது. நாமோ அதை முதலிலேயே சொல்லி, விசாரணையை முடித்துவிடுகிறோம்.

மாணவ நண்பர்களே, உங்கள் கட்டைவிரலை நன்றாகப் பின்னுக்கு விரித்துப் பாருங்கள். அதன் அடியில், மணிக்கட்டின் ஓரமாக, இரண்டு நாண்கள் புடைத்து நிற்கும். நடுவே ஒரு சிறு குழி தெரிகிறதா? உடற்கூறு நூல்களில் இதற்கு ‘மூக்குப்பொடிக் குழி’ என்று பெயர். ஐரோப்பாவில் பொடி போடுவோர் ஒரு சிட்டிகையை இங்கே வைத்து உறிஞ்சுவார்களாம். (நம் ஊர்த் தாத்தாக்கள் இரு விரல்களாலேயே காரியத்தை முடித்துக்கொண்டார்கள்.) அந்தக் குழியின் அடியில் இருப்பதுதான் ஸ்கேபாய்டு என்னும் படகெலும்பு. மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் மிக அதிகமாக முறிவது இதுவே.

இதற்கு ரத்தம் செல்லும் வழி விசித்திரமானது. பெரும்பகுதி ரத்தம் விரல்களின் பக்கமாக உள்ளே நுழைந்து, பின்னோக்கித் திரும்பி, முழங்கைப் பக்கத்து முனைக்குப் போகிறது. கடைமடை வயலுக்கு ஒரே வாய்க்கால் இருப்பதைப் போன்ற நிலை. எலும்பு நடுவில் முறிந்தால் வாய்க்கால் அறுந்துபோகலாம், கடைமடை காய்ந்துவிடும். ரத்தம் கிட்டாத துண்டு ஒட்டாது, சில சமயம் செத்தும் போகும்.

“எக்ஸ்-ரே எடுத்தால் தெரிந்துவிடுமே!” என்பீர்கள். எப்போதும் தெரிவதில்லை. எலும்போ சிறியது, வளைந்தது. பக்கத்து எலும்புகளின் நிழல் அதன்மேல் விழுகிறது. மயிரிழை போன்ற முறிவு முதல் நாள் படத்தில் மறைந்துகொள்வதுண்டு. 10 முதல் 14 நாள் சென்றால், முறிந்த ஓரங்களில் எலும்பு சற்றே கரைந்து கோடு அகலமாகிறது. அப்போது எடுக்கும் படத்தில் புலப்படுகிறது. ஆகவே, படம் சுத்தமாக இருந்தாலும் அந்தக் குழியில் அழுத்தும்போது வலித்தால், முறிவு இருப்பதாகவே வைத்துக்கொண்டு கையை அசையாமல் கட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் படம் எடுப்பது நெடுநாளைய வழக்கம். எம்.ஆர்.ஐ. வசதி உள்ள இடத்தில் சில நாட்களிலேயே விடை கிடைத்துவிடும்.

விரலால் தொட்டறிவதைக் குறைவாக எண்ணாதீர்கள். முன்கையின் ஆர எலும்பு மணிக்கட்டருகே முறிவதை டப்ளின் நகர மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814-ல் விவரித்து எழுதினார். ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்ததோ 1895-ல். அம்முறிவு இன்றும் காலிஸ் பெயரால்தான் வழங்குகிறது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பள்ளி இறுதி வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்தேன். வீட்டார் அழைத்துச் சென்ற இடத்தில் எண்ணெய் தடவி உருவிவிட்டார்கள். பத்து நாளில் வலி அடங்கியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இந்த எலும்பு செய்யும் வஞ்சகமே இதுதான்: முறிந்திருக்கும்போதே வலி குறைந்துவிடும். கல்லூரியில் படிக்கும்போது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் ‘சுரீர்’ என்றது. படம் எடுத்துப் பார்த்தால் எலும்பு இரண்டு துண்டாகக் கிடக்கிறது! இடுப்பு எலும்பில் சிறிது வெட்டி எடுத்து இடையில் வைத்து, திருகாணி போட்டுச் சேர்த்தார்கள். தொடக்கத்திலேயே கண்டிருந்தால், விலகாத முறிவுக்குச் சில வார மாவுக்கட்டு பெரும்பாலும் போதும். என் வலக்கை இன்றும் பாதிதான் பின்னுக்கு வளைகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. குழியில் வலிப்பவர்கள் எல்லோருக்கும் முறிவு இருப்பதில்லை. பலர் வீணாகவே இரண்டு வாரம் கட்டுப் போட்டிருக்க நேரும். பரீட்சை நேரத்தில் வலக்கையில் கட்டு என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் இங்கே இரண்டு வகைத் தவறுகளை எடைபோட வேண்டும். இல்லாத முறிவை இருப்பதாக எண்ணினால் இழப்பு இரண்டு வாரம். இருக்கும் முறிவை இல்லை என்று விட்டால் ஒட்டாத எலும்பு, அறுவை, பின்னாளில் மூட்டுத் தேய்வு. இரண்டும் தவறுதான், ஆனால் சமமான தவறுகள் அல்ல. நான் முதல் தவறின் பக்கமே நிற்பேன். கதிர்வீச்சைப் பற்றிய அச்சமும் வேண்டாம். மணிக்கட்டுப் படம் ஒன்றினால் உடலில் படுவது, ஒரு நாளில் இயற்கையாகவே நம்மீது படுவதைவிடக் குறைவு.

அடிபடாமலே வரும் மணிக்கட்டுக் கோளாறுகளும் உண்டு. புறங்கைப் பக்கம் உருண்டையாகத் திரளும் நீர்க்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. தானே மறைவதும் உண்டு. கனத்த புத்தகத்தால் அதை அடித்து உடைக்கும் பழைய வைத்தியம் மட்டும் வேண்டாம். இரவில் விரல்கள் மரத்துப்போவது, மணிக்கட்டின் குறுகிய பாதையில் நரம்பு நெருக்கப்படுவதால் இருக்கலாம். இது உங்களைவிட உங்கள் அம்மாவுக்கு வர வாய்ப்பு அதிகம், கேட்டுப் பாருங்கள்.

யாராவது விழுந்துவிட்டால் இழுக்காதீர்கள், உருவாதீர்கள். வீங்குவதற்கு முன்பே வளையலையும் கைக்கயிற்றையும் கழற்றிவிடுங்கள். மடித்த செய்தித்தாளை அடியில் வைத்துத் துணியால் தளரக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டி ரத்த ஓட்டம் நின்றால் கையே பறிபோகலாம். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே கட்டை அவிழ்க்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் போய், வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டுங்கள். படத்தில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னால், “இரண்டு வாரம் கழித்து மறுபடியும் வந்து காட்டட்டுமா?” என்று கேளுங்கள்.