தட்டைத் தட்டிப் பார்த்தால் போதுமா?

“ஒன்றரை வயசாச்சு, இன்னும் ‘அம்மா’ன்னுகூடச் சொல்லலை” என்று ஓர் இளம் தாய் கவலைப்பட்டால் வீட்டில் உடனே பதில் வரும். “அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்”, “ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்”, “நாக்குல வசம்பைத் தேய்ச்சு விடு.” எல்லாம் அக்கறையில் சொல்வதுதான். ஆனால், இந்த ஆறுதலிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். பேசாத குழந்தைக்கு நாக்கைப் பார்க்கும் முன் காதைப் பார்க்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

வளைகாப்பில் போடும் வளையலின் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று பாட்டிகள் சொல்வது சரிதான். ஏழாம் மாதத்தில் சிசுவுக்குக் காது கேட்கும். பிறந்த பிறகு, அது கேட்கும் பேச்சில்தான் மூளை மொழியைக் கற்றுக்கொள்கிறது. இந்த வேலை மும்முரமாக நடப்பது முதல் மூன்று வருடங்களில். அப்போது சத்தமே போய்ச் சேராவிட்டால், பிற்பாடு எவ்வளவு நல்ல கருவி மாட்டினாலும் பேச்சு வருவது கடினம்.

அதனால்தான் மருத்துவர்கள் 1-3-6 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிறந்து 1 மாதத்துக்குள் முதல் செவித்திறன் பரிசோதனை. 3 மாதத்துக்குள் குறை இருக்கிறதா, எவ்வளவு என்பது உறுதியாக வேண்டும். 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும்.

“தட்டைத் தட்டினேன், திரும்பிப் பார்த்தானே!” என்பார்கள். தட்டும் கை அசைவதைப் பார்த்தும் குழந்தை திரும்பலாம். கதவைச் சாத்தும் அதிர்வு தரை வழியாகவும் தெரியும். பெரிய சத்தம் மட்டும் கேட்டு, நாம் பேசுவது தெளிவாகக் கேட்காத குழந்தைகளும் உண்டு. காது கேளாத குழந்தைகூட முதல் சில மாதங்கள் ‘ங்கா’ என்று மிழற்றும். பிறகுதான் அது குறையும்.

ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்ப வேண்டும். பத்து மாதத்துக்குள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனிக்க வேண்டும். ஒரு வயதையொட்டி ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேர்ந்தும் வர வேண்டும். இவை வராவிட்டால் காத்திருக்காதீர்கள்.

பரிசோதனையை நினைத்துப் பயப்படவும் வேண்டாம். ஓஏஇ பரிசோதனையில் தூங்கும் குழந்தையின் காதில் சின்ன அடைப்பான் போன்ற ஒன்றை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். அடுத்தகட்டமான பெராவும் வலிக்காது. குறை மாதத்தில் பிறந்தவர்கள், கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக்காய்ச்சலோ வந்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள், சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகள் ஆகியோருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னாளில் குறை வரலாம். சந்தேகம் வந்தால் மறுபடி பாருங்கள்.

குறை உறுதியானதும் பல வீடுகளில் முதலில் தேடுவது யார்மேல் தப்பு என்பதைத்தான். ‘கிரகணத்துல வெளிய போனியா?’ என்று தாயைக் கேட்பார்கள். கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோரின் பெற்றோருக்குக் காது நன்றாகவே கேட்கும். குற்றம் சுமந்து நிற்கும் தாயால் குழந்தைக்குப் பயிற்சி கொடுக்க முடியாது.

அடுத்த சிக்கல், வாங்கிய கருவி பீரோவில் தூங்குவது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது ‘நாலு பேர் பார்ப்பாங்க’ என்று கழற்றி வைப்பார்கள். நாலு பேர் பேசுவதைக் குழந்தை கேட்க வேண்டிய இடமே அதுதான். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும். சோறூட்டும்போதும் குளிப்பாட்டித் துடைத்த பிறகும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டே இருங்கள். கருவியால் போதிய பலன் இல்லாதவர்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை இருக்கிறது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இது உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. சில குழந்தைகளுக்குச் சைகை மொழி கைகொடுக்கும். எந்த மொழியுமே இல்லாமல் குழந்தையை விட்டுவிடக் கூடாது.

கேட்கும் காதையும் காப்பாற்ற வேண்டுமே! எண்ணெய் ஊற்றுவது, வாயால் ஊதுவது, பட்ஸ் விட்டுக் குடைவது எதுவும் வேண்டாம். அழுக்கு தானே வெளியே வரும். சீழ் வடிந்தால் ‘பல் முளைக்குது’ என்று விடாதீர்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டினால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடியதே.

சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். சோதித்துப் பார்த்து ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பி வந்தால் நஷ்டம் ஒரு நாள்தான்.