கருத்தடைக்கு வந்த லொறி கிளினிக்குக்கு ஏன் வருவதில்லை?



மார்கழி விடுமுறைக்கு வாழைச்சேனையில் தாய்வீட்டில் இருந்தேன். பெரியம்மாவின் மகள் வந்திருந்தா. எனக்கு அக்கா முறை. கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. அத்தானுக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது அக்கா மெதுவாகக் கேட்டா: "நீ நாலு இடம் திரிஞ்சவள். எந்தக் கிளினிக்குக்குப் போறது எண்டு சொல்லன்."

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நான் படிப்பிக்கும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு தங்கச்சி. "டீச்சர், கொழும்புல காட்டச் சொல்லி துண்டு எழுதிக் குடுத்துட்டாங்க. எந்த கிளினிக்கு நல்லதுன்னு நீங்கதான் சொல்லணும்."

கடற்கரையிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று. கேள்வி ஒன்றுதான். அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். சங்கப் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். அதற்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

முதலில் அந்தத் தங்கச்சியின் கதை. மூன்று வருஷத்துக்கு முன்பு தோட்டும் சங்கிலியும் அடகு வைத்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ஊசி, மாத்திரை எல்லாம் அவளுக்குத்தான். புருஷனை ஒரு நாளும் பரிசோதிக்கவில்லை. அவனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தான். லயத்தில் அவளுக்கு "மலடி" என்று பெயர் விழுந்தது. பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிடவில்லை. மாமியார் மகனுக்கு இரண்டாம் கல்யாணம் பேசத் தொடங்கினார். கிளினிக் நாட்களில் பேர் விழாததால் மாதச் சம்பளமும் சுருங்கியது. கடைசியில் அரச வைத்தியசாலை டொக்டர் ஒருவர்தான் புருஷனின் விந்தைப் பரிசோதிக்கச் சொன்னார். குறைபாடு அவன் பக்கத்தில் இருந்தது. மூன்று வருஷமும் நகையும் போன பிறகு தெரிந்த உண்மை அது.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட கணக்கின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். பணக்கார நாடு, ஏழை நாடு என்று இதில் பெரிய வித்தியாசம் இல்லை. காரணம் பெண்ணிடமும் இருக்கலாம், ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஆணுக்கான முதல் பரிசோதனை மிகச் சுலபமானது, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு ஊசி போடத் தொடங்கும் இடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நல்ல கிளினிக் அல்ல.

ஆகவே அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நான் சொன்னவை இவை.

கொழும்புக்கு ஓடுவதற்கு முன் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள். கடிதம் வாங்கிக்கொண்டு அரச வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போங்கள். முதல் பரிசோதனைகள் பலவற்றை அங்கே காசில்லாமல் செய்துகொள்ளலாம். ஒரு வருஷம் முயன்றும் கரு தங்காவிட்டால் போகலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே போங்கள், வயதுதான் இதில் பெரிய எதிரி. எல்லோருக்கும் சோதனைக்குழாய் முறை தேவைப்படாது. சிலருக்கு மாத்திரையோ சின்னச் சத்திரசிகிச்சையோ போதும்.

தனியார் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்றால், காசு கட்டுவதற்கு முன் கேள்வி கேளுங்கள். "எங்களிடம் வெற்றி வீதம் அதிகம்" என்பார்கள். எதில் வெற்றி? கருத்தரித்ததா, உயிரோடு பிள்ளை பிறந்ததா? என் வயதுப் பெண்களில் எத்தனை பேருக்கு? சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் சேர்த்தா, பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டா? விலைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். ஊசி மருந்து, ஸ்கேன், கருவை உறையவைத்துப் பாதுகாக்கும் வருடக் கட்டணம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே தடவையில் எத்தனை கரு வைப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று வைத்தால் நல்லது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இரட்டைப் பிள்ளைகள் குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்து அதிகம், தாய்க்கும் ஆபத்து. ஊசிக்குப் பிறகு வயிறு உப்பி மூச்சு முட்டினால் இரவிலும் யாருக்குப் போன் எடுப்பது என்று கேட்டு வையுங்கள்.

சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். தெரியாத மொழியில் நீட்டும் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். வேறொருவரின் சினைமுட்டையோ விந்தோ பயன்படுத்துவதென்றால் அதற்குத் தனியாக எழுத்துச் சம்மதம் வேண்டும்.

இன்னொன்று, வாசலில் யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். மறுமணம் செய்தவளை, கால் ஊனமானவளை, கருத்தடை செய்துவிட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்தவளை, துணையில்லாமல் தாயாக விரும்புகிறவளை, திருநங்கையை, ஒரே பாலினத் தம்பதியை எப்படி நடத்துகிறார்கள்? அவர்களை மரியாதையாக நடத்தும் இடம் கொழுந்து எடுக்கும் பெண்ணையும் மரியாதையாக நடத்தும். நம் நாட்டில் இந்தச் சிகிச்சைக்கென்று பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிச் சட்டம் இல்லை. ஒரே பாலின உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகளோ வெள்ளைக்காரன் 1883 இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்ன பிறகும் திருத்தம் வரவில்லை.

சிலர் தமிழ்நாட்டுக்குப் போகிறார்கள். அங்கே 2021 இல் இரண்டு சட்டங்கள் வந்திருக்கின்றன. கிளினிக் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். துணையில்லாத பெண்ணும் சிகிச்சை பெற இடமுண்டு, ஒரே பாலினத் தம்பதிக்கு இல்லை. காசு கொடுத்து வாடகைத்தாய் பிடிப்பது அங்கே குற்றம். தரகர் வேறு விதமாகச் சொன்னால் நம்பாதீர்கள். 2022 இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் சினைமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. இந்த வியாபாரத்தில் ஏழைப் பெண்ணின் உடம்புதான் சரக்கு. நாளைக்கு லயத்துக்கும் தரகர் வரலாம். நம் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வைப்போம்.

சிகிச்சை வேண்டாம், தத்தெடுக்கிறோம் என்பவர்களுக்கு 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 25 வயதுக்கு மேற்பட்டவராகவும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நீதிமன்றம் வழியாக மட்டும் செய்யுங்கள். 1980களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தரகர் கைமாறி ஐரோப்பாவுக்குப் போனார்கள். பெற்ற தாயைத் தேடி அவர்கள் இன்றும் இந்த நாட்டுக்கு வருகிறார்கள்.

இனி, சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்ற கேள்வி.

நம் அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். 1980களில் கருத்தடைக்குப் போனால் அரசாங்கம் 500 ரூபா கொடுத்தது. தோட்டத்து லொறி பெரட்டுக் களத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது, போனவர்களுக்கு லீவும் கிடைத்தது என்று எங்கள் தோட்டத்து மூத்த பெண்கள் சொல்வார்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்று சரியாக விளங்காமலே போனவர்களும் உண்டு. நம் பெண்கள் பெறாமல் இருப்பதற்கு லொறி, காசு, லீவு எல்லாம் இருந்தது. இன்று ஒருத்தி பெற விரும்பினால் பஸ் காசும் இல்லை, பேரும் இல்லை. 1939ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் காசும் லீவும் தருகிறது. அந்தப் பிள்ளைக்காகக் கிளினிக் ஏறி இறங்குகிறவளுக்கு அதில் எதுவும் இல்லை.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. ஒரு சுற்றுச் சிகிச்சைக்கு 10 இலட்சம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 741 பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும் சாப்பிடாமல், உடுக்காமல் இரண்டரை வருஷச் சம்பளம். அதுவும் ஒரு சுற்றுக்குத்தான்.

அரசாங்கத்தால் முடியாத காரியமா இது? 2004 டிசம்பர் 26 அலையில் எங்கள் கல்குடாக் கரையிலும் பிள்ளைகள் போனார்கள். அதே அலையில் நாகப்பட்டினத்தில் பிள்ளைகளை இழந்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்தவர்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் அவர்களுக்குக் குழாயைத் திரும்ப இணைக்கும் சத்திரசிகிச்சையைத் தன் செலவில் செய்து கொடுத்தது. 2024 இல் சென்னை எழும்பூர் அரச மகப்பேற்று வைத்தியசாலையில் செயற்கைக் கருத்தரிப்பு மையமும் திறந்திருக்கிறார்கள்.

சம்பளமே ஒழுங்காகக் கிடைக்காதபோது இது ஆடம்பரம் என்று ஒரு தோழர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான்கு பிள்ளைகள். காசுள்ளவன் வீட்டில் பிள்ளையில்லை என்றால் அதை நோய் என்று வைத்தியம் பார்க்கிறோம். லயத்தில் என்றால் விதி என்கிறோம். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் நான்கு கோரிக்கைகளை வைக்கப்போகிறேன். கிளினிக் நாட்களுக்குப் புருஷன், பெண்சாதி இருவருக்கும் முழுப் பேர். சங்க நலநிதியிலிருந்து வட்டியில்லாக் கடன். எல்லா வைத்தியசாலைகளிலும் தமிழில் சம்மதப் படிவம். மலையகத்திலும் மட்டக்களப்பிலும் அரச செலவில் முழுமையான குழந்தையின்மைச் சிகிச்சை. கைதூக்க வாருங்கள்.

ஐந்தாவது ஒன்றுக்கு யாரிடமும் மனுக் கொடுக்கத் தேவையில்லை. "மலடி" என்ற சொல் நம் மலையிலும் லயத்திலும் சங்கக் கூட்டத்திலும் இனிக் கேட்கக் கூடாது. அடுத்த வளைகாப்புக்கு அந்தத் தங்கச்சியைக் கூப்பிடுங்கள். முதல் வளையலை அவள் போடட்டும்.