குழூஉக்குறியும் கடன்குறியும்



தெருவிலும் தொழிற்களத்திலும் இளைஞர் கூட்டத்திலும் பிறக்கும் சொற்களையெல்லாம் 'கொச்சை' என்று ஒரே கோலால் அடித்து விரட்டுவது நம் புலவர் சிலர்க்குப் பழக்கமாகிவிட்டது. நம் இலக்கணம் அவ்வாறு விரட்டவில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார், ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கிக்கொள்ளும் சொல்லுக்குக் 'குழூஉக்குறி' எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கில் இடமளித்தார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதையும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதையும் உரைகாரர் எடுத்துக்காட்டினர். உள்ளே போனால் உள்ளதையெல்லாம் உளறச் செய்வது கள். அதற்குச் 'சொல்விளம்பி' என்று பெயர் வைத்தவன் வேடன்! சொல்லாக்கத் திறன் புலவர் வீட்டுத் தனியுடைமை அன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இதே திறனைக் கடல் கடந்தும் காணலாம். அமெரிக்கக் கருப்பின மக்கள் படைத்த இசை சாசு. அதில் கிளைத்த சுவிங்கு என்னும் ஆட்ட இசை, 1930களின் நடுவிலிருந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் அந்நாட்டையே ஆட்டிப் படைத்தது. அவ்விசைவாணர் தமக்கென ஒரு பேச்சு வழக்கை வளர்த்திருந்தனர். பாடகர் கேப் காலோவே 1938இல் அதற்கொரு சிறு அகரமுதலியே வெளியிட்டார். அவ்வழக்கில் முழவுக்குப் பெயர் 'தோல்', இசைக்குழுவினன் 'பூனை', 'தோண்டு' என்றால் 'விளங்கிக்கொள்', புதுமையறியாக் கட்டுப்பெட்டி 'சதுரம்'.

அவர்தம் நிலையை எண்ணிப் பாருங்கள். 1619 தொடங்கி ஆங்கிலேயர் குடியேற்றங்களுக்குப் பிடித்துக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினர் அவர்கள். முன்னோரின் தாய்மொழிகள் அடிமைத்தளையில் நசுங்கின; வாய்த்தது ஆண்டானின் மொழியே. அம்மொழியின் எளிய சொற்களை எடுத்து, ஆண்டானுக்கே விளங்காத புதுப்பொருள் ஏற்றித் தமதாக்கிக்கொண்டனர். மொழியிழந்தார் செய்த மொழிப்புரட்சி அது.

மொழியிழக்காத நாம் என்ன செய்கிறோம்? சென்னைத் தெருப்பேச்சின் 'பேசாரும்' 'பேமானியும்' உருது வழி வந்த பாரசீகம், 'கசுமாலம்' வடமொழி. வண்டியிழுத்தும் சுமைதூக்கியும் பிழைத்த ஏழையர்மேல் யான் பழி போடேன். பிறர் ஏசக் கேட்ட சொற்கள் அவர் நாவில் ஒட்டியிருக்கலாம். பழி படித்தவர்க்கே உரியது. 'டென்சன்', 'பீலிங்கு', 'கூல்' என்று யாரும் ஏசாமலே, யாரும் அடிக்காமலே நாம் வலிந்து வாங்கிக்கொண்டோம். 'கூல்' எது? குளிர்ச்சியைக் குறித்த ஆங்கிலச் சொல், அதே கருப்பின இசைவாணர் வழக்கில் பாராட்டாகி, 1940களுக்குப் பின் உலகெங்கும் பரவியது. அவர்கள் உழைத்தாக்கிய பொருளை நாம் உழையாமல் கடன் வாங்குகிறோம். அவர்களிடம் நாம் கற்றிருக்க வேண்டியது சொல் செய்யும் துணிவு.

அத்துணிவு நம் பிள்ளைகளிடம் இல்லாமலும் இல்லை. மேற்கு மலையடியில் எம் சேத்தூரிலும், பக்கத்து இராசபாளையத்திலும் பள்ளி மாணவர் பேசுவதைக் கேளுங்கள். 'மொக்கை' என்பது கூர் மழுங்கிய கத்திக்குரிய சொல். அதைச் சுவை மழுங்கிய பேச்சுக்கு ஏற்றிவிட்டனர். 'கலாம்' என்பது பழந்தமிழில் பூசல். 'கலாய்த்தல்' இன்று நண்பர்க்குள் நிகழும் நகைப்பூசல். 'சொல்விளம்பி' செய்த வேடன் மரபன்றோ இது! வகுப்பில் இச்சொல் காதில் விழுந்தால் ஆசிரியர் அதட்டுகிறார். 'கூல் சார்' என்றால் புன்னகைக்கிறார். அதட்டலும் புன்னகையும் இடம் மாற வேண்டும்.

அவ்வாறாயின் 'மொக்கை'யைத் தேர்வுத்தாளில் எழுதலாமோ என்று கேட்பார் உளர். எழுதலாகாது. குழூஉக்குறி குழுவிற்கு, செந்தமிழ் ஏட்டிற்கு என்ற வரம்பைக் கற்பிப்பதே ஆசிரியர் கடன். எம் ஊர்ப்பெயரே புலவர் ஏட்டில் சேற்றூர். மக்கள் நாவில் சேத்தூர். 'காற்று', 'காத்து' ஆன திரிபே இதுவும். இத்திரிபை எள்ளி நகையாடினால் மாணவன் திருந்துவதில்லை, வாய்மூடுகிறான். தன் ஊர்ப்பேச்சுக்கு நாணியவன் செந்தமிழுக்கு ஏறி வருவதுமில்லை. ஆங்கிலத்தின் நிழலில் போய் ஒதுங்குகிறான். நாம் இழப்பது ஒரு சொல்லையன்று, ஒரு தமிழனை!

ஆகவே ஊர்தோறும் உள்ள தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். கோயில் கொடைகளில் தவிலும் உறுமியும் பம்பையும் முழக்கும் நையாண்டி மேளக் கலைஞரிடம் செல்லுங்கள். பாவு, ஊடை, விழுது, படைமரம் என்று பேசும் கைத்தறியாளரிடம் செல்லுங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பற்றி விலை பேசும் தரகரிடம் செல்லுங்கள். தறியோசை அடங்குமுன், முழவோசை ஓயுமுன் அவர்தம் தொழிற்சொற்களையும் குழூஉக்குறிகளையும் கேட்டெழுதுங்கள். ஒரு பாடகர் தம் கூட்டத்தார்க்குச் செய்ததை, இத்தனை புலவர் கூடி நம் மக்களுக்குச் செய்தல் அரிதோ?

சொல் செய்வோம்! சொற்கடன் தீர்ப்போம்!