பெட்டி கட்டத் தெரிந்தவர்கள் எர்த்தை மறக்கலாமா?

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரைச் சுற்றுவட்டாரத்திலும் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மைக் செட் இல்லாத தெருவைக் காண்பது அரிது. கோயில் உற்சவமானாலும் குருசடித் திருவிழாவானாலும், கல்யாணமானாலும் கட்சிக் கூட்டமானாலும் முதலில் வந்து இறங்குவது ஒலிபெருக்கிதான். 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்கள் பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. நிலத்தைப் பிரித்த கோடு ஓசையைப் பிரிக்கவில்லை. களியக்காவிளையில் ஒலிக்கும் பாட்டு இஞ்சிவிளையில் கேட்கிறது. ஒரே மைக்கில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வருகின்றன.

இந்த மைக் செட்டுகளில் பல, கம்பெனியில் முழுதாகச் செய்து வந்தவை அல்ல. பகலில் கட்டட வேலையோ கடை வேலையோ பார்த்துவிட்டு, இரவில் பற்றுக்கோலைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் தாங்களே கட்டியவை. ஸ்பீக்கரை ஓரிடத்தில் வாங்குகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் சுற்றி வாங்குகிறார்கள். பிளைவுட்டை அறுத்துப் பெட்டி செய்யத் தச்சர் ஒருவர் கூட இருக்கிறார். கம்பெனி செட்டின் விலைக்குக் கைக்கெட்டாதவர்கள் இப்படித் தொழில் நடத்துவது பாராட்டத்தக்கதே. இது கைத்தொழில், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாத தொழில்.

ஆனால் பெட்டி கட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது மின்சாரம் எடுப்பதில் காட்டுகிறார்களா? இதுதான் கேள்வி.

வாட்ஸ் மயக்கம்

"ஆயிரம் வாட்ஸ் செட்" என்று சொன்னால்தான் கமிட்டிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. அந்த ஆயிரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. 40-0-40 வோல்ட் டி.சி. கொடுத்து ஓட்டும் ஒரு சாதாரண ஆம்ப்ளிஃபயர், 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் சுமார் 100 வாட்ஸுக்கு மேல் தர முடியாது. இது கணக்கு. முகப்பில் எத்தனை சைபர் ஒட்டினாலும் கணக்கு மாறாது.

வாட்ஸை ஏற்றிக்கொண்டே போவதால் ஓசை அதே அளவு ஏறுவதும் இல்லை. சக்தியை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு சக்தி தேவை. மாறாக, ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் 92 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 98 டெசிபல் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், 400 வாட்ஸ் வேலையை 100 வாட்ஸ் செய்துவிடும். புனல் வைத்த யூனிட்டுகள் இதைவிடவும் சிக்கனமானவை. பழைய குழாய் ஒலிபெருக்கிகள் சில வாட்ஸிலேயே ஊரை எழுப்பியதன் ரகசியம் இதுவே.

பெட்டியின் அளவும் மனம்போன போக்கில் வைப்பதற்கு உரியது அல்ல. பெட்டி இல்லாத ஸ்பீக்கரில் முன்பக்கத்து அலையும் பின்பக்கத்து அலையும் ஒன்றையொன்று விழுங்கிவிடும்; கனத்த ஓசை எழும்பாது. எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு கொள்ளளவு, துவாரம் எவ்வளவு என்பதற்கு 1961ல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் வழி காட்டினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்று நல்ல ஸ்பீக்கர் எதுவானாலும் அந்த அளவுகளை அச்சிட்ட தாளோடு வருகிறது. அதைப் பார்த்து மரத்தை அறுப்பவருக்கு மரமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம்.

ஒயரில் கரையும் சக்தி

மேடையிலிருந்து 50 மீட்டர் தள்ளி ஸ்பீக்கர் வைக்கிறார்கள். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. போக 50, வர 50, ஆக 100 மீட்டர். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.2 ஓம்ஸ். முனையில் இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்களை இணையாக மாட்டினால் சுமை 4 ஓம்ஸ். அப்போது ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர வேண்டிய சக்தியில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். உடனே வால்யூமைத் திருகுகிறார்கள், ஓசை கரகரக்கிறது, பழி ஸ்பீக்கர்மேல் விழுகிறது. ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் பக்கத்தில் கொண்டு வைத்தாலோ, கம்பம்தோறும் மாட்டும் குழாய்களுக்கு 100 வோல்ட் லைன் முறையைக் கையாண்டாலோ இந்த நஷ்டம் இல்லை. ஆனால் 100 வோல்ட் லைன் என்பது பெயருக்கேற்ப ஷாக் அடிக்கும் லைன். மூட்டுகளை டேப் சுற்றாமல் தொங்கவிடக் கூடாது.

ஹம் போனது, எர்த்தும் போனது

இனிதான் முக்கியமான விஷயம். பாட்டு ஆரம்பிக்கும் முன் ஸ்பீக்கரில் 'ஹம்' என்று ஒரு முனகல் கேட்கிறது. மைக் செட்காரர் என்ன செய்கிறார்? மூன்று முனை பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிடுகிறார். முனகல் நின்றுவிடுகிறது. எல்லாருக்கும் திருப்தி. சில இடங்களில் பிளக்கே கிடையாது. இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கிவிடுகிறார்கள்.

இதன் விளைவு என்ன? ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரில் இன்சுலேஷன் என்றாவது ஒருநாள் கெட்டுப்போகிறது. 230 வோல்ட் தகரப் பெட்டியில் ஏறுகிறது. பெட்டியிலிருந்து மைக் ஒயரின் மேலுறைக் கம்பி வழியாக மைக்கின் இரும்பு உடலுக்கு வருகிறது. எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸ் போயிருக்கும். எர்த் இல்லையென்றால் அது காத்திருக்கிறது, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிக்கும் ஒரு கைக்காக. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெய்யும் இந்த மண்ணில் தரை காய்ந்திருக்கும் நாட்கள் எத்தனை?

இது கற்பனைப் பயம் அல்ல. 1972 மே மாதம் இங்கிலாந்துக்குப் பக்கத்திலுள்ள வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், 'ஸ்டோன் த குரோஸ்' என்ற இசைக்குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். ஊரும் நாடும் வேறானாலும் மின்சாரம் ஒன்றுதான்.

ஹம் சத்தத்துக்கு வைத்தியம் வேறு. மிக்சர் ஒரு வீட்டிலிருந்தும் ஆம்ப்ளிஃபயர் இன்னொரு வீட்டிலிருந்தும் மின்சாரம் எடுப்பதால்தான் பெரும்பாலும் அந்த முனகல் பிறக்கிறது. இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து சப்ளை கொடுக்க வேண்டும். மைக்குக்கு மூன்று கம்பி உள்ள பேலன்ஸ்டு ஒயர் போட வேண்டும். அப்படியும் போகாவிட்டால் ஓசை செல்லும் ஒயரின் நடுவே ஒரு சிறு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை வைக்கலாம். எர்த்தை மட்டும் தொடக் கூடாது. போர்டில் 30 மில்லி ஆம்பியருக்கு விழும் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் வைத்தால் அதற்கும் எர்த் கம்பியை மண்ணில் இறக்கி, நியூட்ரலை அதோடு சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் ஆர்.சி.சி.பி. இருந்தும் பயனில்லை. இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுவதே முறை.

சிறு கூட்டத்துக்கு 230 வோல்ட்டே தேவையில்லை. 60 வாட்ஸ் டி.சி. ஆம்ப்ளிஃபயர் முழு வேகத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுப்பது சுமார் 8 ஆம்பியர். வெறும் பேச்சுக்கு அதில் ஒரு சிறு பங்குதான். ஒரு நல்ல கார் பேட்டரி மாலைக் கூட்டத்தை முடித்துக் கொடுத்துவிடும்.

யார் செலவு?

"இதற்கெல்லாம் காசு எங்கே?" என்று மைக் செட்காரர் கேட்பார். நியாயமான கேள்விதான். கமிட்டிகள் வாடகையை அடித்துப் பேசுகின்றன; வாட்ஸை மட்டும் ஏற்றிக் கேட்கின்றன. குறைந்த கூலிக்கு வந்த பையன் கம்பத்தில் ஏறுகிறான். கரண்டுக் கம்பியில் கொக்கி போடச் சொன்னாலும் போடுகிறான். அது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135வது பிரிவுப்படி திருட்டு. பிடிபட்டால் மாட்டிக்கொள்பவன் அவன். கையில் பிடித்தால் சாகிறவனும் அவன். பெரும்பாலும் அவன் பிழைக்க வந்தவன்.

எனவே செலவு கமிட்டியுடையது. ஒரு ஆர்.சி.சி.பி.யும் எர்த் கம்பியும் ஒரு பெரிய ஸ்பீக்கரின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. வாணவேடிக்கைக்குக் கணக்கு எழுதும் நோட்டில் தற்காலிக மின் இணைப்புக்கும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சட்டமும் அதிக வாட்ஸைக் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. உரிய அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், அரசு அனுமதித்தால் நள்ளிரவு 12 வரை விதிவிலக்கு உண்டு. பொது இடத்தின் எல்லையில், சுற்றுப்புறத்துக்கு விதித்த அளவைவிட 10 டெசிபல் அதிகமோ அல்லது 75 டெசிபலோ, எது குறைவோ அதுவே வரம்பு. இந்த வரம்புக்குள் நிற்கக் கூரையதிரும் செட் எதற்கு?

தெளிவாகக் கேட்க வேண்டும். அளவோடு கேட்க வேண்டும். கேட்டவரும் பாடியவரும் கம்பத்தில் ஏறியவரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும். இந்த மூன்றும் அமைந்த செட்டே நல்ல செட். சொந்தக் கையால் பெட்டி கட்டும் திறமை இந்த எல்லைப்புறத்து இளைஞர்களிடம் இருக்கிறது. அடுத்த திருவிழாவுக்கு செட் பேச வரும் கமிட்டிக்காரர்கள், "எத்தனை வாட்ஸ்?" என்று கேட்பதற்கு முன் "எர்த் எங்கே?" என்று கேட்பார்களா?