மனு ரசீது எஃப்.ஐ.ஆருக்கு மாற்றாகாது: காவல் நிலையப் புகார்கள் குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

காவல் நிலையத்தில் கொடுக்கப்படும் புகார் தமிழ்நாட்டில் இரண்டில் ஒரு வடிவம் பெறுகிறது. ஒன்று முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர். மற்றொன்று சி.எஸ்.ஆர் எனப்படும் மனு ரசீது. எஃப்.ஐ.ஆர் பதிவானால் குற்ற எண் விழும், புலனாய்வு தொடங்கும், அதன் முடிவை போலீஸ் நீதிமன்றத்தில் அறிக்கையாகத் தாக்கல் செய்தே தீர வேண்டும். மனு ரசீதுக்கு இந்த வலு கிடையாது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. விசாரணை எங்கே நின்றாலும் நீதிமன்றத்துக்குத் தெரிய வழியில்லை.

இந்த அறிக்கையின் நிலைப்பாடு இதுதான்: பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் ஒன்றைப் புகார் வெளிப்படுத்தினால் எஃப்.ஐ.ஆர் பதிவாக வேண்டும். மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது சட்டம் விதித்த கடமையை நிறைவேற்றியதாகாது.

சட்டம் சொல்வது

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய குற்றங்களில் எஃப்.ஐ.ஆர் பதிவது கட்டாயம் என்று தீர்ப்பளித்தது. அமர்வுக்குத் தலைமை வகித்தவர் அப்போதைய தலைமை நீதிபதி பி.சதாசிவம். குடும்பப் பிணக்கு, வணிகக் குற்றம், மருத்துவ அலட்சியம், ஊழல், மிகத் தாமதமாக வந்த புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. அதன் முடிவில் புகாரை முடித்துவைத்தால், காரணத்தை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும் கூறியது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு மேலும் சில உரிமைகளைத் தெளிவாக்குகிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்’ என்பது இதுவே. வாய்மொழியாகச் சொன்னால் காவலர் எழுதிக்கொண்டு படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம். 193-ஆம் பிரிவின்படி, வழக்கின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் தெரிவிப்பதும் புலனாய்வு அதிகாரியின் கடமை.

அதே 173-ஆம் பிரிவு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றங்களில், டி.எஸ்.பி அனுமதியுடன் 14 நாட்களுக்குள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். ஏராளமான அன்றாடக் குற்றங்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன. அனுமதி பெற்ற தேதியும் கெடு முடியும் தேதியும் புகார்தாரருக்குத் தெரியாவிட்டால், 14 நாள் என்பது காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

புகார் எங்கே தேங்குகிறது

டவுன் பஸ்ஸில் செல்போனைப் பறிகொடுத்த கட்டடத் தொழிலாளியின் புகாரை எடுத்துக்கொள்ளலாம். ‘திருடு போனது’ என்று அவர் எழுதியதை, ‘பயணத்தில் தவறவிட்டேன்’ என்று மாற்றி எழுதச் சொல்வது பலரும் சந்திக்கும் அனுபவம். அந்த ஒரு வரி மாறியதும் குற்றமே இல்லாமல் போகிறது. சிம் கார்டு வாங்க, கையில் கிடைக்கும் மனு ரசீது உதவும். போனைத் தேட யாருக்கும் கடமை இருக்காது.

சட்டத்திலும் ஓர் இடர் உண்டு. சாதாரணத் திருட்டில் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், இந்தச் சன்ஹிதாவின் அட்டவணைப்படி குற்றவியல் நடுவரின் உத்தரவின்றி போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. பழைய போன் ஒன்றின் விலை அதற்குள் அடங்கிவிடும். அன்றாட வேலைக்கான அழைப்பும் வங்கிக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன என்பதை அட்டவணை கணக்கில் கொள்வதில்லை. ஏழையின் இழப்பைப் பொருளின் விலையால் மட்டும் அளப்பது நியாயமல்ல.

எஃப்.ஐ.ஆரைத் தாராளமாகப் பதிந்தால் பொய்ப் புகார்கள் பெருகும் என்ற கவலை புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆனால் எஃப்.ஐ.ஆர் பதிவதும் கைது செய்வதும் வெவ்வேறு என்பதை லலிதா குமாரி தீர்ப்பே விளக்கியிருக்கிறது. பொய்யென்று தெரிந்தால் வழக்கை முடித்து நீதிமன்றத்தில் அறிக்கை தரலாம். பொய்த் தகவல் தந்தவர் மீது நடவடிக்கை எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. பொய்யை வடிகட்டும் இடம் புலனாய்வு. அதைத் தொடங்காமலே புகாரை ஒதுக்குவது உண்மையான புகார்தாரரைத்தான் தண்டிக்கிறது.

புகார்தாரர் செய்யத்தக்கவை

புகாரில் நாள், நேரம், இடம், நடந்தது, பார்த்த சாட்சிகள், இழந்த பொருளின் அடையாளம், மதிப்பு ஆகியவை இருக்க வேண்டும். வாகனத்துக்குப் பதிவு எண்ணும் செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ எண்ணும் அவசியம். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் நிலைய முத்திரையும் தேதியும் பெறுவது நல்லது. எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. மனு ரசீதுதான் கிடைத்தது என்றால் அதையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். புகார் கொடுத்த நாளுக்கு அதுவே சாட்சி.

எஃப்.ஐ.ஆர் மறுக்கப்பட்டால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்பலாம். மாநகரங்களில் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கும் பலனில்லையெனில், பிரமாணப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரிடம் அதே சன்ஹிதாவின் 175(3) பிரிவின்கீழ் மனு செய்யலாம். நடுவர் புலனாய்வுக்கு உத்தரவிட முடியும். முந்தைய படிகளுக்கான தபால் ரசீதுகள் இந்த மனுவுக்கு இன்றியமையாதவை.

வக்கீல் வைக்க வசதியில்லை என்பது தடையாக வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கோரிக்கைகள்

1. மனு ரசீது தரும்போதே, எஃப்.ஐ.ஆர் ஏன் பதியவில்லை என்ற காரணம் அதில் எழுதப்பட வேண்டும்.

2. முதல்கட்ட விசாரணை என்றால் டி.எஸ்.பி அனுமதி பெற்ற தேதியும் 14-ஆம் நாளும் ரசீதில் இடம்பெற வேண்டும். முடிவு எழுத்தில் தரப்பட வேண்டும்.

3. ‘திருடு போனது’ என்று புகார்தாரர் சொல்வதை ‘தொலைந்தது’ என மாற்றி எழுதச் சொல்வது ஒழுங்கு நடவடிக்கைக்குரியதாக அறிவிக்கப்பட வேண்டும்.

4. 5,000 ரூபாய் வரம்பிலிருந்து பிழைப்புக்கான கருவிகளுக்கும் செல்போன்களுக்கும் விலக்கு அளித்துச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

5. மேல்முறையீட்டுப் படிகளும் 15100 என்ற எண்ணும் ஒவ்வொரு நிலையத்தின் வரவேற்பிடத்திலும் தமிழில் பெரிய எழுத்தில் வைக்கப்பட வேண்டும்.

முதல் மூன்றும் ஐந்தாவதும் காவல் துறைத் தலைமையின் சுற்றறிக்கை அளவிலேயே செய்யக்கூடியவை. நான்காவது நாடாளுமன்றத்தின் பொறுப்பு.